ஐடென்டிட்டி கிரைசிஸ்: கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் பிடித்திருக்கிறதா? (ஸ்பாய்லர் உண்டு)

#1 மூன்றாம்மாடி

நேற்று இரவு பதினொன்றரைக்கு எடுத்தேன், கீழே வைக்கும்போது இரண்டே கால். ஏழு இதழும் ஒரே மூச்சில். 2004-இல் வந்த காமிக்ஸ் தொடரை இப்போதுதான் படிக்கிறாயா என்று சிரிக்காதீர்கள். அலுவலக நண்பர் ஒருவர் அட்டை கிழிந்த தொகுப்பை ஓசியில் கொடுத்தார், அவ்வளவுதான் கதை.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக. ரால்ஃப் டிப்னி என்கிற எலாங்கேட்டட் மேன், ரப்பர் மாதிரி நீளக்கூடிய துப்பறிவாளர். முகமூடி கிடையாது, பெயரை ஒளிப்பதும் கிடையாது. மனைவி சூ. ரால்ஃபின் பிறந்தநாளன்று சூ வீட்டுக்குள்ளேயே கொல்லப்படுகிறாள், உடல் எரிந்து கிடக்கிறது. அவள் கர்ப்பமாக இருந்தாள் என்பது பிறகு தெரிகிறது. வீட்டைச் சுற்றி வேற்றுக்கிரகத் தொழில்நுட்பப் பாதுகாப்பு எல்லாம் இருக்கிறது. எவனும் உள்ளே நுழைந்த தடமே இல்லை. சூப்பர் ஹீரோக்களின் கூட்டணியான ஜஸ்டிஸ் லீக் மொத்தமும் கொலையாளியைத் தேடிக் கிளம்புகிறது. பிராட் மெல்ட்சர் கதை, ராக்ஸ் மொராலிஸ் பென்சில், மைக்கேல் பேர் மை, மைக்கேல் டர்னர் அட்டைகள்.

ஆறு இதழ் வரை சாப்பாடு மறந்து படித்தேன். ஏழாவதில் கொலைகாரி ஜீன் லோரிங் என்று வந்ததும் புத்தகத்தை மூடி உட்கார்ந்துவிட்டேன். ஆட்டம், அதாவது அணு அளவுக்குச் சுருங்கக்கூடிய ஹீரோ ரே பால்மரின் முன்னாள் மனைவி. காரணம்? குடும்பங்களுக்கு ஆபத்து என்றால் ரே பால்மர் பயந்துபோய்த் தன்னிடமே திரும்பி வருவார் என்று.

என் கேள்வி ஒன்றுதான். நான் ஏமாற்றப்பட்டேனா, இல்லை எனக்குத்தான் துப்பறியத் தெரியவில்லையா?

#2 கத்தரிப்பூ

முதலில் ஒன்று. இழையின் தலைப்பில் "கொலைகாரி" என்று போட்டிருக்கிறீர்களே! பாதிச் சந்தேக நபர்களை வாசலிலேயே விரட்டியாச்சு.

#3 மட்டுறுத்துநர்

தலைப்பு மாற்றப்பட்டது. இனி உள்ளே வருபவர்கள் எல்லாம் தெரிந்தே வருகிறார்கள் என்று வைத்துக்கொள்கிறோம்.

#4 மூன்றாம்மாடி

மன்னிக்கணும், தூக்கக் கலக்கம்.

#5 தூங்காநகரான்

ஏமாற்றப்படவில்லை தம்பி. நான் காமிக்ஸைவிடத் துப்பறியும் நாவல்தான் அதிகம் படிக்கிறவன், அந்தக் கணக்கில் சொல்கிறேன். பூட்டிய அறைக் கொலையில் வாசகனுக்கு நியாயம் செய்ய இரண்டு விஷயம் வேண்டும். கொலையாளி ஆரம்பத்திலிருந்தே கதைக்குள் நடமாட வேண்டும். கொலை செய்த வழியை எங்கேயாவது நம் கண்ணில் காட்டியிருக்க வேண்டும்.

இரண்டும் இருக்கிறது. நடுவில் ஜீன் தன் வீட்டில் தூக்கில் தொங்குகிற காட்சியை மறுபடி எடுத்துப் பாருங்கள். ரே என்ன செய்கிறார்? ஃபோனுக்குள் புகுந்து, கம்பி வழியாக அவள் வீட்டுக்குப் போய் இறங்குகிறார். முத்தமும் கண்ணீருமாக இருப்பதால் நாம் அதைக் காதல் காட்சியாகப் பார்த்துவிட்டோம். பூட்டிய வீட்டுக்குள் எப்படி நுழைவது என்பதை மெல்ட்சர் அந்தப் பக்கத்திலேயே படம் போட்டு விளக்கிவிட்டார். ரேயின் சுருங்கும் உடையைப் போட்டுக்கொண்டு சூவின் வீட்டுக்கும் ஜீன் ஃபோன் வழியாகத்தான் போனாள். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் காவல் இருந்தது, ஃபோனுக்கு மட்டும் இல்லை.

ஆட்டம் ஃபோன் கம்பியில் போவது அறுபதுகளிலிருந்தே அவருடைய வித்தை. வாசகனுக்குப் பழகிப்போன வித்தையையே மறைவிடமாக்கியது கெட்டிக்காரத்தனம்.

தவிர, பேட்மேன் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்கிறார்: இதனால் யாருக்கு லாபம்? சூ செத்த பிறகு யாருடைய வாழ்க்கை நன்றாகப் போகிறது என்று வரிசையாகப் பார்த்தால் ஒரே ஒரு ஜோடிதான் சேர்கிறது. அதையும் மறைக்கவில்லை. நமக்குத்தான் தோன்றவில்லை.

#6 மூன்றாம்மாடி

ஐயோ, அந்த ஃபோன் காட்சி! "ஆகா, பாவம், இன்னும் காதலிக்கிறார்" என்று நினைத்துக்கொண்டே பக்கம் திருப்பினேன்.

#7 டெத்ஸ்ட்ரோக்_தம்பி

எல்லாரும் கொலையையே பேசுறீங்க. மூணாவது இதழ் சண்டையைப் பத்தி யாராவது பேசுங்கப்பா. டெத்ஸ்ட்ரோக்ங்கிற ஒத்தைக் கண்ணு கூலி வில்லன், ஒத்தை ஆள், எதிர்ல அரை டஜனுக்கு மேல ஹீரோ. மந்திரக்காரி ஸட்டானாவை வாய் திறக்க முடியாம ஈரல்ல ஒரு குத்து, ஹாக்மேன் இறக்கை போச்சு, ஆட்டமை ஒரு லேசர் பேனா வெச்சு அடிச்சார், கிரீன் லாண்டர்ன் கைல் ரேனரோட விரல் முறிஞ்சுது. கடைசியில கிரீன் ஆரோ அந்தக் கண்ணு இல்லாத பக்கத்துல அம்பைக் குத்துறது வரைக்கும் மூச்சே விடலை.

#8 பரண்மேல்பெட்டி

தம்பி, ஃப்ளாஷ் ஓடிப்போய்க் கத்தியில் தானாகவே ஏறிக்கொள்வதை விட்டுவிட்டீர்களே. ஒளிவேகத்தை எட்டுகிற ஆள், ஒற்றைக்கண்ணன் நீட்டிய கத்தியைப் பார்க்கவில்லையாம். சண்டை அழகுதான், ஆனால் அந்த ஒரு இதழுக்காக எல்லாரையும் கொஞ்சம் மந்தமாக்கிவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இந்தத் தொடர் ரொம்பப் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்று சொன்னால் கத்தரிப்பூ அடிக்க வருவார், இருந்தாலும் சொல்கிறேன்.

நான் இரும்புக்கை மாயாவியில் ஆரம்பித்து, பிறகு திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய ஆங்கில இதழ்களைப் பொறுக்கியவன். ஜஸ்டிஸ் லீக் விண்வெளி நிலையத்தில் இருந்த காலத்து இதழ்கள் அப்போது அட்டை இல்லாமல் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். பூமியிலிருந்து 22,300 மைல் உயரத்தில் நிலையம். அதிலே 1979-இல் ஜெர்ரி கான்வே எழுதிய ஒரு கதை, 166 முதல் 168 வரை. வில்லன்கள் ஹீரோக்களோடு உடல் மாற்றிக்கொள்கிறார்கள். பேட்மேன் உடம்புக்குள் வில்லன் இருந்தால் என்ன செய்வான்? முகமூடியைக் கழற்றிப் பார்ப்பான்! கதை முடிந்ததும் எல்லாரும் அவரவர் உடம்புக்குத் திரும்பிவிடுவார்கள், சுபம். ஆனால் முகத்தைப் பார்த்தவன் பார்த்தவன்தானே? பள்ளிக்கூடப் பையனாக அதைப் படித்தபோதே எனக்கு அது இடித்தது. யாரிடம் கேட்பது?

இருபத்தைந்து வருடம் கழித்து மெல்ட்சர் அதைக் கேட்டார். அவர் சொன்ன பதில்: ஸட்டானா மந்திரம் போட்டு வில்லன்களின் நினைவைத் துடைத்துவிட்டாள், அதுவும் பலமுறை. பழைய கதை ஒன்றில்கூடக் கைவைக்காமல், அதன் அடியில் இருந்த இருட்டை மட்டும் காட்டினார். வில்லன் டாக்டர் லைட்டும் அப்படித்தான். 1962-இல் முதலில் வந்தபோது லீக் மொத்தத்தையும் திணறடித்தவன், எண்பதுகளில் சின்னப் பையன்களிடம் அடிவாங்கும் கோமாளி ஆகிவிட்டான். எழுதியவர்கள் மாறினார்கள், தரம் மாறியது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இல்லை, மூளையைத் திருகும்போது கை தவறிவிட்டது என்கிறார் மெல்ட்சர். இதைப் படித்த ராத்திரி நான் பரணில் ஏறி அந்தப் பெட்டியை இறக்கினேன். வீட்டில் திட்டு.

#9 கத்தரிப்பூ

அடிக்கவெல்லாம் வரமாட்டேன் அண்ணா. ஆனால் டாக்டர் லைட்டின் மூளையை ஏன் திருகினார்கள் என்கிற இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். அந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

நிலையத்தில் தனியாக இருந்த சூவை லைட் பாலியல் வன்கொடுமை செய்கிறான். இரண்டாவது இதழ். அதற்காகத்தான் ஹீரோக்கள் அவன் மனதையே மாற்றுகிறார்கள். இப்போது கொலை என்றதும் அவன்தான் செய்திருப்பான் என்று கிளம்புகிறார்கள். ஆனால் அவன் கொலை செய்யவில்லை. அப்படியென்றால் கதையின் கணக்கில் அந்த வன்கொடுமைக்கு என்ன வேலை? பொய்த் தடயம். வாசகனைத் தவறான பக்கம் திருப்புவதற்கு ஒரு கைகாட்டி. அவ்வளவுதான்!

சூ 1961-இல் ஃப்ளாஷ் இதழில் வந்தவள். நாற்பது வருடம் புருஷனோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு, அவரைவிட வேகமாகப் புத்தி ஓடுகிற பெண்ணாக இருந்தவள். சூப்பர் ஹீரோ உலகத்திலேயே சிரித்துப் பேசிக்கொண்ட ஒரே தம்பதி இவர்கள் என்றுகூடச் சொல்வேன். அவளைப் பிணமாக்கி, அதற்கு முன்பு பாதிக்கப்பட்டவளாக்கி, கர்ப்பத்தையும் சேர்த்து வைத்து, ஏழு இதழ் முழுக்க ஆண்கள் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். நிலையத்தில் நடந்ததைப் பற்றி சூ என்ன நினைத்தாள்? ஒரு கட்டம் உண்டா? லைட்டின் மனதை மாற்றலாமா என்று ஹீரோக்களுக்குள் ஓட்டெடுப்பு நடந்ததே, அவளிடம் யாராவது கேட்டார்களா?

1999-இலேயே கெயில் சிமோன் "குளிர்சாதனப் பெட்டியில் பெண்கள்" என்று பட்டியல் போட்டுக் காட்டினார். கைல் ரேனரின் காதலியைக் கொன்று ஃப்ரிட்ஜில் வைத்த 1994 கதையிலிருந்து வந்த பெயர் அது. ஹீரோ பொங்கி எழுவதற்குப் பெண்ணைச் சிதைப்பது என்கிற பழக்கத்தை அத்தனை தெளிவாகச் சொன்ன பிறகும், ஐந்து வருடம் கழித்து இதே வித்தை.

#10 பரண்மேல்பெட்டி

நியாயம். சூவிடம் கேட்கவில்லை என்பது எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த ஓட்டெடுப்பை விட்டுக்கொடுக்கமாட்டேன். ஏழு பேர். ஹாக்மேன், ஆட்டம், ஸட்டானா மூவரும் மாற்றிவிடலாம் என்கிறார்கள். அப்போதைய கிரீன் லாண்டர்ன் ஹால் ஜோர்டன், கிரீன் ஆரோ, பிளாக் கேனரி வேண்டாம் என்கிறார்கள். பாக்கி ஒரே ஓட்டு அப்போதைய ஃப்ளாஷ் பாரி ஆலனுடையது. லீக்கிலேயே நல்லவர் யார் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பாரி என்போம். அவர் "செய்யலாம்" என்கிறார். அவர் மனைவி ஐரிஸைப் பறிகொடுத்தவர். அதற்குமேல் மெல்ட்சர் விளக்கவே இல்லை, விளக்கவும் தேவையில்லை.

நடுவில் பேட்மேன் உள்ளே வந்து தடுக்கிறார். அவரையும் பிடித்து நிறுத்தி, பத்து நிமிட நினைவை உருவி எடுத்துவிடுகிறார்கள். தன் சொந்த நண்பனின் மூளையில்! ஆறாவது இதழில் இது வரும்போது கொலையையே மறந்துவிட்டேன். எனக்கு இந்தத் தொடரின் உண்மையான குற்றம் அதுதான்.

#11 வெள்ளைக்கோட்டு

தாமதமாக வருகிறேன், டியூட்டி. எல்லாரும் தர்மம் பேசிவிட்டீர்கள், நான் பிணவறை பேசுகிறேன். சாப்பிடுகிறவர்கள் தள்ளி உட்காருங்கள்.

எரிந்த உடல் வந்தால் முதலில் பார்ப்பது மூச்சுக்குழாய். உள்ளே கரி படிந்திருந்தால் தீப்பிடித்தபோது ஆள் உயிரோடு மூச்சு விட்டிருக்கிறார். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கிறதா என்பது அடுத்தது. இரண்டும் இல்லையென்றால், செத்த பிறகு எரிக்கப்பட்ட உடல் என்ற சந்தேகம் அங்கேயே வந்துவிடும். எம்பிபிஎஸ் இரண்டாவது வருடத்துப் பாடம் இது. பிரேதப் பரிசோதனை செய்கிற ஹீரோ டாக்டர் மிட்-நைட்டுக்கு இருட்டிலும் தெரிகிற கண் வேறு. அவர் கதை முடியப்போகிற நேரத்தில்தான் "தீ இவளைக் கொல்லவில்லை" என்று வருகிறார். அதற்குள் லைட்டைத் தேடி, டெத்ஸ்ட்ரோக்கிடம் அடிவாங்கி, தூக்கு முடிச்சை வைத்து, கயிற்று வில்லன் ஸ்லிப்நாட்டை விசாரித்து... ஐந்து இதழ் போய்விட்டது. முதல் நாளே கழுத்தைத் திறந்து பார்த்திருந்தால் பாதிப் பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்.

ஆனால் நம்பமாட்டீர்கள், சூவின் மூளையில் மிட்-நைட் கண்டுபிடிக்கும் சின்னக் காலடித் தடம் என்கிற சங்கதியை நான் ஒத்துக்கொள்கிறேன். மண்டையோடு நல்ல கவசம். உடல் கருகிப்போன பிறகும் உள்ளே மூளை சுருங்கி, ஆனால் உருவம் குலையாமல் இருப்பதுண்டு. ஆக, தடம் மிஞ்சியிருக்கலாம். ரத்தக்குழாய்க்குள் ஒருத்தி நடந்து அடைப்பு உண்டாகிறது, மூளைக்கு ரத்தம் போகவில்லை, மரணம். கோரம்தான், ஆனால் கணக்கு சரி. ஒரே சந்தேகம்: அணு அளவுக்குச் சுருங்கியவளுக்குத் தடம் பதிக்கிற எடை எங்கிருந்து வந்தது?

#12 டெத்ஸ்ட்ரோக்_தம்பி

டாக்டர், ஆட்டமோட உடை வெள்ளைக்குறு நட்சத்திரத் துண்டுல செஞ்சது. உயரத்தைச் சுருக்கிட்டு எடையைத் தனியா ஏத்தி இறக்கலாம். சின்ன உருவத்துலயே முழு எடையோட குத்துவார். ஜீன் திருடிப் போட்டுக்கிட்டது அதே உடைதான்.

#13 வெள்ளைக்கோட்டு

அப்போ முழு எடையோடு மூளையில் நடந்தாளா! "பயமுறுத்தத்தான் போனேன், கொல்ல நினைக்கவில்லை" என்றாளே. நல்லா இருக்கே.

#14 கத்தரிப்பூ

அதோடு, தீ உமிழும் கருவி ஒன்றையும் கையோடு எடுத்துப் போயிருக்கிறாள். "ஒருவேளை தேவைப்படுமோ" என்று. சும்மா பயமுறுத்தப் போகிறவள் எதற்குங்க அதைத் தூக்கிக்கொண்டு போகிறாள்? குடை மாதிரியா?

#15 தூங்காநகரான்

குடை மாதிரியா! :) பஸ்ஸில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

சரி, இங்கேதான் எனக்கும் ஏற்பு இல்லை. வழி நியாயம், தடயம் நியாயம், ஆள்தான் நியாயமில்லை. ஜீன் லோரிங் ஐவி டவுனில் பெயர் சொல்லும் வக்கீல். 1983-இல் வந்த ஸ்வோர்ட் ஆஃப் தி ஆட்டம் தொடரில் வேறொருவரோடு பழகி, ரேயை விட்டுப் பிரிந்தவள். விட்டுப் போனவள் அவள். இருபது வருடம் கழித்து, "அவர் திரும்ப வரவேண்டும்" என்று ஒரு கொலை, இன்னொருவர் வீட்டுக்குத் துப்பாக்கி அனுப்புவது, தனக்குத் தானே தூக்கு மாட்டிக்கொள்வது. வக்கீல் மூளை இப்படிக் குழப்பிக்கொள்ளுமா? கடைசியில் பைத்தியம் என்று ஒரே வார்த்தையில் முடித்து ஆர்க்கம் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். துப்பறியும் கதையில் "அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்பது, தேர்வில் விடை தெரியாமல் கடைசிப் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவது மாதிரி.

அவள் மாட்டிக்கொள்ளும் இடம் மட்டும் அருமை. பேட்மேனின் கூட்டாளி ராபினின் அப்பா ஜாக் டிரேக்குக்குத் துப்பாக்கியோடு ஒரு துண்டுச் சீட்டு வந்தது என்று ரே அவளிடம் சொல்லவே இல்லை. ஆனால் அவள் பேச்சுவாக்கில் அந்தச் சீட்டைப் பற்றிக் கேட்கிறாள். படுக்கை ஓரத்தில், எல்லாம் சரியாகிவிட்டது என்று இருவரும் நினைக்கிற நேரத்தில். ஒரு நொடி ரே பேசாமல் இருக்கிறார். அந்த மௌனத்துக்கு இரண்டு கட்டம் ஒதுக்கியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

#16 பனிவிழும்தெரு

வணக்கம் அண்ணையாக்கள். நான் இதைக் கனடாவில், ஊரிலிருந்து வந்த புதிதில், நூலகத்தில் எடுத்து வாசித்தனான். ஆங்கிலம் பழகவென்று காமிக்ஸ் எடுத்த காலம்.

எனக்கெண்டால் ஐந்தாம் இதழ்தான் இந்தத் தொடர். ரொபினின் தகப்பன் ஜாக் வீட்டில் தனிய நிற்கிறார். மேசையில் ஆரோ ஒருவர் அனுப்பிய துப்பாக்கி. வெளியில் அவரைக் கொல்ல வந்த வில்லன் கப்டன் பூமராங். மகன் பேட்மேனோடு காரில் பறந்து வந்துகொண்டிருக்கிறான், காதில் தொலைபேசி, மற்றப் பக்கத்தில் தகப்பனின் குரல். "உன்ரை பிழை இல்லை" என்ற மாதிரி அந்த மனிசன் மகனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். வந்து சேர்ந்தால் இரண்டு பேரும் செத்துக் கிடக்கினம். பூமராங்கும் பாவம், வயசு போன, ஒருவரும் வேலைக்குக் கூப்பிடாத ஆள், அப்போதுதான் மகனைக் கண்டுபிடித்து அன்பாகப் பழகத் தொடங்கினவர்.

ஓடுகிற காரும் தொலைபேசியும். தொலைபேசியில் தகப்பனின் கடைசிக் குரலைக் கேட்ட ஆட்கள் எங்கடை பக்கத்தில் கனபேர். அதற்குமேல் எனக்கு எழுத ஏலாது. கதையில் பிழை நூறு இருக்கலாம், அந்தப் பக்கங்களை வரைந்த கைக்கு நான் கடன்.

#17 மூன்றாம்மாடி

பனிவிழும்தெரு, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பால்கனியில் போய் நின்றேன்.

#18 பரண்மேல்பெட்டி

வரைந்த கை என்றதும் ஒன்று சொல்லணும். சூவின் உடலை ரால்ஃப் மடியில் ஏந்தியிருக்கிற படம். மற்ற ஹீரோ என்றால் கண்ணீர் வரையலாம், பல்லைக் கடிக்க வைக்கலாம். மொராலிஸ் என்ன செய்திருக்கிறார் பாருங்கள்: முகமே உருவத்தை விட்டு வழிகிறது. தாடை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம், மெழுகு மாதிரி. உடம்பை ரப்பர் போல இழுத்துப் பிடித்திருக்கும் மனிதனுக்குப் பிடி விட்டுப்போனால் அப்படித்தானே ஆகும்? வழக்கமாகச் சிரிக்க வைக்கிற சக்தி அது. இங்கே அதைப் பார்க்க முடியாமல் நான் பக்கத்தைத் திருப்பினேன்.

#19 ஒன்பதுகட்டம்

எல்லாரும் சூப்பர் ஹீரோ கொலைக் கதை என்கிறீர்கள், வாட்ச்மென் பேரை ஒருவர்கூட எடுக்கவில்லையே? 1986-87, பன்னிரண்டு இதழ். அதுவும் ஒரு கொலையில்தான் ஆரம்பம், காமெடியன் என்ற பாத்திரத்தை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிகிறார்கள். ஆலன் மூர் முதலில் சார்ல்டன் நிறுவனத்துப் பழைய பாத்திரங்களை வைத்து "பீஸ்மேக்கரைக் கொன்றது யார்" என்றுதான் யோசித்தார். ஆனால் நான்கு இதழ் போனதும் யார் கொன்றது என்று நாம் கேட்பதையே நிறுத்திவிடுகிறோம். கொலை ஒரு ஆணி, மொத்த உலகத்தையும் அதில் மாட்டுகிறார். விடை வரும்போது அது கொலைக்கான விடை மட்டும் இல்லை.

மெல்ட்சர் செய்தது தலைகீழ். நினைவுத் துடைப்பு என்ற பெரிய விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு விவாகரத்துக் கதையில் போய் முட்டினார்.

#20 தூங்காநகரான்

ஆணி நல்ல உவமை. ஆனால் ஏழு இதழை வாட்ச்மெனோடு ஒப்பிட்டால் எதுதான் நிற்கும்? தெருமுனை டீக்கடையில் நின்றுகொண்டு கல்யாண விருந்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

#21 ஒன்பதுகட்டம்

டீ ஆறிப்போய் இருந்தது என்றுதான் சொன்னேன்.

#22 மூன்றாம்மாடி

ஒரு செய்தி. வீட்டில் என் மனைவியிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். அவர் காமிக்ஸ் பக்கமே வராதவர், வாரப்பத்திரிகை க்ரைம் கதை மட்டும் படிப்பார். ஹீரோக்களில் பாதிப் பேரை யார் என்றே தெரியாது. "இந்தப் பச்சை ஆளுக்கும் அந்தப் பச்சை ஆளுக்கும் என்ன சம்பந்தம்" என்று நான்கு தடவை கேட்டார். (கிரீன் ஆரோ, கிரீன் லாண்டர்ன்.) ஆனால் ஐந்தாவது இதழிலேயே "இவர் பொண்டாட்டிதானே?" என்று ஜீனைக் காட்டிவிட்டார். எப்படி என்றால், "எல்லாரும் அழும்போது இவளுக்கு மட்டும் புருஷன் கிடைச்சுட்டான்ல" என்கிறார். தூங்காநகரான் சொன்ன லாபக் கணக்கு!

முடித்துவிட்டு அவர் கேட்ட கேள்வியைத்தான் இங்கே போடணும் என்று வந்தேன். "இந்த நீளுற ஆள் பெரிய துப்பறிவாளர்ங்கிறீங்க. பொண்டாட்டி கொலையை இவர் ஏன் கண்டுபிடிக்கலை?"

பதில் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

#23 பரண்மேல்பெட்டி

அடேங்கப்பா.

#24 கத்தரிப்பூ

உங்கள் மனைவியை இந்த மன்றத்தில் சேர்த்துவிடுங்கள், நீங்கள் விலகிக்கொள்ளலாம்.

நிஜமாகவே யோசித்துப் பாருங்கள். மர்மத்தின் வாசனை வந்தால் மூக்கு துடிக்கும் ஆள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சூ அவருக்கு ஒரு மர்மத்தைப் பரிசாகச் செய்து கொடுப்பாள். அது அவர்கள் வழக்கம். பிறந்தநாளன்று அவளே மர்மமாகிப் போகிறாள். இதற்குமேல் ஒரு துப்பறிவாளர் கதைக்கு என்ன ஆரம்பம் வேண்டும்? ஆனால் மூளையைப் பார்ப்பது மிட்-நைட், யோசிப்பது பேட்மேன், ஜீனின் வாயிலிருந்து வருவதைப் பிடிப்பது ரே. ரால்ஃப் அழுகிறார். ஏழு இதழும் அழுகிறார். சூவை மட்டுமில்லை, அவரையும் சேர்த்துத்தான் கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இத்தனை நாள் இது எனக்கு உறைக்கவே இல்லை.

#25 தூங்காநகரான்

துக்கத்தில் இருப்பவர் எப்படித் துப்பறிவார் என்று கேட்கலாம். ஆனால் வாசகன் அதற்காகத்தானே காத்திருப்பான்? ஓர் இடத்திலாவது அந்த மூக்கு துடித்திருக்க வேண்டும். தோற்றுப்போயிருந்தாலும் பரவாயில்லை, தேடியிருக்கலாம்.

#26 வெள்ளைக்கோட்டு

நெருங்கியவர்கள் கேஸ் பார்க்கக்கூடாது என்று எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அது நல்ல பழக்கமும்கூட. ஆனால் எங்கள் சீனியர் ஒருவர், தன் அம்மாவின் ஸ்கேனை யாரும் இல்லாதபோது விளக்குப் பெட்டியில் மாட்டி ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கக்கூடாது என்று தெரியும், பார்க்காமல் இருக்க முடியாது. ரால்ஃப் அப்படி ஒரு ராத்திரிகூட உட்காரவில்லை என்பதுதான் நம்ப முடியாத இடம். காலடித் தடத்தைவிட.

#27 பரண்மேல்பெட்டி

ஒரு நாள் பூராவும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம்மாடி, உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள்: இதே கேள்வி எழுதியவர்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் பதில் வந்தது. இரண்டு வருடம் கழித்து. மெல்ட்சரிடமிருந்து இல்லை.

2006 மே மாதத்தில் 52 என்று ஒரு வாராந்தரத் தொடர் ஆரம்பித்தது. வாரம் ஓர் இதழ், ஒரு வருடம். ஜெஃப் ஜான்ஸ், கிராண்ட் மாரிசன், கிரெக் ரக்கா, மார்க் வெய்ட் நால்வரும் சேர்ந்து எழுதினார்கள். அதில் ரால்ஃபுக்கு என்று ஒரு தனி இழை ஓடுகிறது. உடைந்துபோய், தாடி வளர்த்து, சூவை உயிர்ப்பிக்க முடியுமா என்று மந்திரவாதிகள் பின்னால் அலைகிறார். கையில் எப்போதும் ஒரு குப்பி. மனிதன் குடியில் விழுந்துவிட்டார் என்று நாமும் நினைக்கிறோம், கூட இருப்பவர்களும் நினைக்கிறார்கள்.

குப்பியில் இருந்தது சாராயம் இல்லை. ஜிங்கோல்ட். அவருக்கு நீளும் சக்தியைத் தருகிற பழரசம்! அலைந்த நாளெல்லாம் ஆள் முழுத் தெளிவோடு, ஒரு வலை பின்னிக்கொண்டு இருந்திருக்கிறார். யாருக்கு வலை, எப்படி இறுக்குகிறார் என்று சொல்லமாட்டேன். மூக்கு துடிக்கிறது, அதை மட்டும் சொல்கிறேன்.

#28 கத்தரிப்பூ

52-இல் ரால்ஃப் பகுதி எனக்கும் பிடிக்கும். கடைசியில் சூவும் வருகிறாள், பேசுகிறாள், புருஷனோடு சேர்ந்து துப்பும் அறிகிறாள். எப்படி வருகிறாள் என்பதைப் படித்துப் பாருங்கள். அதற்காக 2004-இல் செய்ததை மன்னிக்கமாட்டேன். ஆனால் யாரோ நான்கு பேர் அதைப் படித்துவிட்டு "இப்படி விடக்கூடாது" என்று நினைத்திருக்கிறார்கள், அது கொஞ்சம் ஆறுதல்.

#29 டெத்ஸ்ட்ரோக்_தம்பி

52-ல டெத்ஸ்ட்ரோக் வர்றாரா?

#30 ஒன்பதுகட்டம்

தம்பி, உனக்கு ஒரே கவலை.

#31 மூன்றாம்மாடி

மனைவியிடம் #27-ஐ வாசித்துக் காட்டினேன். குப்பி வரை வந்ததும் கையை நீட்டி, "போதும், மிச்சத்தை நானே படிக்கிறேன், வாங்கிட்டு வாங்க" என்றார். பதினான்கு வருடக் கல்யாண வாழ்க்கையில் என்னைக் காமிக்ஸ் வாங்கிவரச் சொன்னது இதுதான் முதல் தடவை. மொத்தம் எத்தனை தொகுதி? ரால்ஃப் வருகிற பகுதி மட்டும் தனியாகக் கிடைக்குமா?

#32 பரண்மேல்பெட்டி

முதலில் வந்தது நான்கு தொகுதி. ரால்ஃப் மட்டும் தனியாகக் கிடைக்காது, வாரா வாரம் எல்லாரும் கலந்துதான் வருவார்கள். வேறு ஆட்கள் வரும் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படிக்கச் சொல்லாதீர்கள், அங்கேயும் தடயம் கிடக்கிறது. நான் முதல் இரண்டைத் தருகிறேன், எதையும் அடிக்கோடு போடக்கூடாது. மூன்றாவது என்னிடமிருந்து போனது போனதுதான், வாங்கிப்போனவர் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

#33 தூங்காநகரான்

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.